நெய், செக்கு எண்ணெய், பால், சத்து மாத்திரை: ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

பதிவு 1 | பாலக்கோடு வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 47. சென்ற மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 148, இரத்தக் கொழுப்பில் இன்னொரு வகையான டிரைகிளிசரைடு 260, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 34 என்று வந்திருக்கிறது. சர்க்கரைக்கு ஏற்கெனவே மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். மருத்துவர் கொழுப்பைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, எண்ணெயையும் கொழுப்பையும் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வரிக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். நாத்தனார் நெய்யை அறவே நிறுத்தச் சொல்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், நெய்தான் மருந்து, ரீஃபைண்டு எண்ணெய்தான் நஞ்சு என்று நாள் தவறாமல் காணொளி அனுப்புகிறான். எங்கள் தெருவில் ஒருவர் மீன் எண்ணெய் மாத்திரையும் புரதப் பொடியும் விற்பதற்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். மாமியாரோ முழங்கால் வலிக்காகக் கால்சியம் மாத்திரையையும் வாரம் ஒரு வைட்டமின் டி பொட்டலத்தையும் ஒன்றரை ஆண்டாக நிறுத்தாமல் சாப்பிட்டு வருகிறார்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேருக்கு மாதம் ஆறு லிட்டர் எண்ணெய் ஆகிறது. நான்கு லிட்டர் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், இரண்டு லிட்டர் சூரியகாந்தி. ஒரு கலப்பினப் பசு இருக்கிறது. வீட்டுக்கு எடுத்தது போக மீதியைப் பால் சங்கத்துக்கு ஊற்றுகிறோம். தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்து வீட்டிலேயே நெய் காய்ச்சுகிறேன். கணவர் நாளொன்றுக்கு மூன்று தேக்கரண்டி நெய் சேர்த்துக்கொள்வார். காலையில் களி அல்லது இட்லி, மதியமும் இரவும் சோறு. இவற்றில் எதற்கு ஆய்வு ஆதாரம் உறுதியாக இருக்கிறது, எது வெறும் பேச்சு என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | ஊத்தங்கரை ஆசிரியை

அம்மா, நான் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். உணவு ஆய்வு எதைப் படித்தாலும் முதலில் நான் தேடுவது, ஒன்றைக் குறைத்தவர்கள் அந்த இடத்தில் எதை வைத்தார்கள் என்பதைத்தான். யாரும் வயிற்றை வெறுமையாக விடுவதில்லை. நெய்யை நிறுத்தியவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார், அல்லது மாலையில் இரண்டு பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிடுவார். "நெய் நல்லதா, கெட்டதா" என்ற கேள்விக்கு ஆய்வுகள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதுபோலத் தோன்றுவதற்குப் பெரும்பகுதிக் காரணம் இதுதான்.

காணொளிகளில் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பெயர் கட்டாயம் வரும். "22 நாடுகளின் தரவு இருந்தும் தனக்கு வேண்டிய 7 நாடுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொழுப்பைக் குற்றவாளியாக்கினார்" என்பார்கள். இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகக் குழப்பியதால் வந்த கதை அது. கீஸ் 1953இல் வெளியிட்ட வரைபடத்தில் 6 நாடுகள் இருந்தன. 22 நாடுகளின் தரவைக் காட்டி யெருஷால்மி, ஹில்லிபோ ஆகிய இருவரும் 1957இல் அதைத்தான் விமர்சித்தார்கள், விமர்சனமும் நியாயமானதே. ஏழு நாடுகள் ஆய்வு என்பது அதற்குப் பின் 1958இல் தொடங்கிய வேறொரு வேலை. ஏறத்தாழ 12,700 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அதில் கிரேக்கத்தின் கிரீட் தீவினர் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகச் சாப்பிட்டும் இதய நோய் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. மொத்தக் கொழுப்பின் அளவைவிட அதன் வகை முக்கியம் என்ற முடிவுக்கு அந்த ஆய்வே இட்டுச் சென்றது.

மறுதரப்பின் வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை, மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் இருந்த 9,000க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு விலங்குக் கொழுப்புக்குப் பதில் மக்காச்சோள எண்ணெய் கொடுத்தார்கள். அந்தத் தரவைக் கிறிஸ்டபர் ராம்ஸ்டன் குழுவினர் தேடி எடுத்து 2016இல் மீண்டும் ஆராய்ந்தபோது, கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது, இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது. அந்தச் சோதனையில் பெரும்பாலோர் ஓராண்டுகூட நிலைத்திருக்கவில்லை என்ற குறை உண்டு. ஆனாலும் அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

தனித்தனிச் சோதனைகளை விட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்த 15 சோதனைகளைச் சேர்த்தது. நிறைவுற்ற கொழுப்பைக் (நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் மிகுதியாக இருக்கும் வகை) குறைத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் மொத்தத்தில் 17 சதவீதம் குறைந்தன; மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அமெரிக்கச் செவிலியர்களையும் மருத்துவத் துறை ஆண்களையும் நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் இன்னொன்றைக் காட்டியது. மொத்த ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரும் 5 சதவீதப் பங்கைப் பன்மை நிறைவுறாக் கொழுப்புக்கு (சூரியகாந்தி போன்ற எண்ணெய்களில் மிகுதியாக இருக்கும் வகை) மாற்றினால் இதய நோய் வாய்ப்பு 25 சதவீதமும், முழுத் தானியத்துக்கு மாற்றினால் 9 சதவீதமும் குறைவாக இருந்தன; தீட்டிய மாவுக்கும் சர்க்கரைக்கும் மாற்றியபோது பயன் தென்படவில்லை. நெய்யை விட்டுவிட்டு வெள்ளைச் சோற்றைக் கூட்டுகிறவருக்கு நாத்தனார் சொல்லும் நன்மை கிடைக்காது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

பதிவு 3 | தேன்கனிக்கோட்டை இளைஞன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் சூரியகாந்தி எண்ணெய் ஏது, சோயா எண்ணெய் ஏது? நெய்யும் நல்லெண்ணெயும் சாப்பிட்டவர்களுக்கு இத்தனை மாரடைப்பு வரவில்லை. ஹெக்சேன் என்ற வேதிக் கரைப்பானால் பிழிந்து, வெளுத்து, வாடை நீக்கிய எண்ணெயை உடம்பு எப்படி ஏற்கும்? இந்த எண்ணெய்களில் உள்ள ஒமேகா 6 என்ற கொழுப்பு அதிகமானால் உடலில் அழற்சி கூடும் என்று பல மருத்துவர்களே சொல்கிறார்கள். 18 நாடுகளில் நடந்த பியூர் ஆய்வும் 2017இல் கொழுப்பைவிட மாவுச்சத்துதான் ஆபத்து என்று சொல்லவில்லையா?

பதிவு 4 | ஊத்தங்கரை ஆசிரியை

தம்பி, பியூர் ஆய்வைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். 1,35,000 பேரைக் கொண்ட அந்த ஆய்வில், மாவுச்சத்து மிக அதிகமாக உண்டவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் அது உற்றுக் கவனித்த ஆய்வே தவிர உணவை மாற்றிப் பார்த்த சோதனை அன்று. ஏழை நாடுகளில் தட்டு முழுக்கச் சோறு இருப்பதே வறுமையின் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்ற விமர்சனம் அதன்மேல் உண்டு.

ஒமேகா 6 பற்றிய அச்சத்துக்கு மனிதர்களிடம் எடுத்த அளவீடுகள் துணை நிற்கவில்லை. இரத்தத்தில் முக்கிய ஒமேகா 6 கொழுப்பான லினோலெயிக் அமிலத்தை நேரடியாக அளந்த 30 தொடர் ஆய்வுகளின் தொகுப்பு 2019இல் வெளியானது. அந்த அமிலம் கூடுதலாக இருந்தவர்களிடம் இதய நோய் குறைவாகவே காணப்பட்டது. ஹெக்சேன் குறைந்த சூட்டிலேயே ஆவியாகக்கூடியது. சுத்திகரிப்பில் பெரும்பாலும் வெளியேறிவிடும், எஞ்சுவதற்குச் சட்டப்படி உச்ச வரம்பும் உண்டு. நான் ரீஃபைண்டு எண்ணெய்க்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நஞ்சு என்ற சொல்லை அதற்குரிய இடத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடம் டிரான்ஸ் கொழுப்பு. வனஸ்பதியிலும் அதில் செய்த பஃப்ஸ், பிஸ்கட்டிலும் இருந்த அதைப் பற்றி எந்த முகாமிலும் கருத்து வேறுபாடு இல்லை. 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்பு எதிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

பாட்டன் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் நெய் உறியில் இருந்தது. நோன்புக்கும் விருந்துக்கும்தான் கீழே இறங்கும். அந்தக் காலத்தவர் மானாவாரி நிலத்தில் பொழுது சாயும்வரை உழைத்தவர்கள். அவர்கள் தட்டிலிருந்து நெய்யை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

பதிவு 5 | காரிமங்கலம் செக்குக்காரர்

செக்கு வைத்திருப்பவன் என்பதால் நான் என் சரக்கைத்தான் புகழ்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயில் மணமும், வைட்டமின் இ போன்றவையும் கூடுதலாகத் தங்கும். நல்லெண்ணெயில் செசாமின், செசாமோலின் ஆகியவை இருப்பதால் அது சீக்கிரம் சிக்கடிப்பதில்லை. ஆனால் கொழுப்பின் வகை செக்கிலிருந்து வருவதில்லை, வித்திலிருந்து வருகிறது. கடலை எண்ணெய் எந்த முறையில் எடுத்தாலும் அதில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தேங்காய் எண்ணெயில் அது 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மரச்செக்கில் ஆட்டிவிட்டதால் தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு இதமாகிவிடும் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது நான் தலையாட்டுவதில்லை. 16 சோதனைகளைத் தொகுத்த 2020 ஆய்வில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்தியது.

தொழிலில் இருப்பவர்கள் வெளியே அதிகம் பேசாத ஒன்று பூஞ்சை நஞ்சு. மழையில் நனைந்து சரியாகக் காயாத நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் உண்டாகும். ஆலையில் சோடாக் காரம் சேர்த்துச் செய்யும் சுத்திகரிப்பு அதைப் பெருமளவு நீக்கிவிடும். செக்கில் அந்தப் படி கிடையாது. எனவே பருப்பைப் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, முளை விட்டது, தோல் நிறம் மாறியது ஆகியவற்றைக் கையால் பொறுக்கித் தள்ளுவதுதான் எங்களிடம் உள்ள ஒரே வடிகட்டி. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்பு போகிறது; அதில் ஒரு கைப்பிடி கெட்ட பருப்பு கலந்தாலும் கேடுதான். நீங்களே கடலை கொண்டுவந்து ஆட்டுவதானால், கடித்துப் பார்த்து மொறுமொறுவென்று உடையும் பருப்பைக் கொண்டுவாருங்கள்.

எண்ணெயோடு இது முடிவதில்லை. பிண்ணாக்கு உங்கள் பசுவுக்குத்தான் போகிறது. நஞ்சுள்ள பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அதன் மாற்று வடிவமான அஃப்ளாடாக்சின் எம்1 இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் அது அழியாது. ஒரு கிலோ பாலில் அது 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். பூசணம் பூத்த பிண்ணாக்கை, "மாடுதானே" என்று போடுகிறவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். அந்தப் பாலைக் குடிப்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

பதிவு 6 | மாரண்டஅள்ளி சங்கத்தான்

பால் பக்கத்துக்கு நான் வருகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் பால் பரிசோதிக்கும் வேலை என்னுடையது. எல்லாப் பாலும் ஒன்று என்று நினைத்து எழுதுகிறார்கள். கலப்பினப் பசும்பாலில் கொழுப்பு மூன்றரை முதல் நாலரை சதவீதம் வரை வரும், எருமைப்பாலில் ஆறுக்கு மேல் போகும். ஒரே பசுவில் மாலைப் பாலுக்குக் காலைப் பாலைவிடக் கொழுப்பு சற்றுக் கூடுதல். கறவையின் முதல் பீச்சு தண்ணீர் போலவும் கடைசிப் பீச்சு கெட்டியாகவும் இருப்பதைக் கறப்பவர்கள் அறிவார்கள். ஆவின் நீலப் பொட்டலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். எனவே நாளுக்கு இரண்டு டம்ளர் பால் குடிக்கிறேன் என்று சொல்பவர் எந்தப் பால் என்று சொல்லாவிட்டால் கணக்கு இரட்டிப்பாக மாறிவிடும்.

ஏ2 பால் பற்றியும் கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தின் வகையை வைத்து ஏ1, ஏ2 என்று பிரிக்கிறார்கள். நம் நாட்டு மாடுகளும் எருமைகளும் பெரும்பாலும் ஏ2 வகையே. எங்கள் மாவட்டத்து ஆலம்பாடி இனமும் நாட்டு மாடுதான். அது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது, பால் சொற்பம். ஏ1 பாலால் நீரிழிவும் இதய நோயும் வருகின்றன என்ற பேச்சை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் பரிசீலித்து, காரண காரியத் தொடர்பை நிறுவ முடியவில்லை என்றது. சிலருக்கு ஏ2 பாலில் வயிற்று உப்புசம் குறைவதாகச் சிறு சோதனைகள் உண்டு, அவ்வளவே. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் பொட்டலங்களிலிருந்து ஏ1, ஏ2 என்ற முத்திரைகளை நீக்கச் சொல்லி ஆணையிட்டு, சில நாட்களிலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆலம்பாடி மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. லிட்டருக்கு இரு மடங்கு விலை வாங்க இதய நோயைக் காட்டி அச்சுறுத்த வேண்டியதில்லை.

பதிவு 7 | ஊத்தங்கரை ஆசிரியை

சங்கத்தாருக்கு நன்றி. வாசகியின் வீட்டுக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. சுவீடனில் உடல் எடை கூடிய 57 பேருக்கு எட்டு வாரம் நாள்தோறும் 40 கிராம் பால் கொழுப்பு கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாலேடாகவும், மறுபிரிவுக்கு நம் நெய்யை ஒத்த உருக்கிய வெண்ணெய்க் கொழுப்பாகவும் அது போனது. கொழுப்பின் அளவு ஒன்றே. ஆனாலும் உருக்கிய கொழுப்பு எல்.டி.எல்.லை உயர்த்தியது, பாலேடு உயர்த்தவில்லை. பாலில் கொழுப்பு சிறு துளிகளாக, ஒவ்வொரு துளியும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் இருக்கிறது. கடையும்போது அந்தச் சவ்வு கிழிந்து பெரும்பாலும் மோரோடு போய்விடுகிறது. நெய்யில் எஞ்சுவது வெறும் கொழுப்பு. 2015இல் வந்த இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் பாலாடைக்கட்டி அதே அளவு வெண்ணெயைவிட எல்.டி.எல்.லைக் குறைவாகவே உயர்த்துகிறது என்ற மற்றச் சோதனைகளோடு இது ஒத்துப்போகிறது.

21 நாடுகளில் 1,36,000 பேரைக் கவனித்த பியூர் பால் ஆய்விலும் (2018), பாலும் தயிரும் நாளுக்கு இரண்டு பங்குக்கு மேல் உண்டவர்களிடம் இறப்பும் இதய நோயும் குறைவாக இருந்தன. தயிரைப் பொறுத்தவரை, வாரம் இரண்டு கோப்பையாவது உண்டால் நீரிழிவு வாய்ப்பு குறையக்கூடும் என்று, ஆதாரம் வரையறைக்குட்பட்டது என்ற குறிப்போடு தயிர்ப் பொட்டலத்தில் அச்சிட்டுக்கொள்ள அமெரிக்க அரசு 2024இல் அனுமதித்தது. "பால் நல்லதென்றால் நெய்யும் நல்லதுதானே" என்று ஒரே மூச்சில் சொல்வதற்கு ஆய்வுகள் இடம் தரவில்லை என்பதே என் கருத்து. மோரைக் குடித்துவிட்டு நெய்யை விற்கும் வீடுகள் தெரிந்தோ தெரியாமலோ நல்ல வழியில் இருக்கின்றன.

இனி உங்கள் கணவரின் ஒரு நாள் கணக்கு. 2,000 கலோரி உண்பவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் வரம்பு, உலக சுகாதார நிறுவனத்தின் 10 சதவீத அளவுப்படி ஏறத்தாழ 22 கிராம். 300 மில்லி பசும்பாலில் இருந்து ஏழரை கிராம் வருகிறது. ஆறு லிட்டர் எண்ணெய் என்பது ஐந்தரைக் கிலோ. ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு 36 கிராம், அதில் ஆறு கிராம் நிறைவுற்றது. மூன்று தேக்கரண்டி நெய்யில் ஒன்பது கிராம். ஆக, வரம்பை ஏறக்குறையத் தொட்டுவிட்டார்; வெளியில் சாப்பிடும் பரோட்டாவும் வடையும் இதில் சேரவில்லை. நெய்யை மூன்றிலிருந்து ஒரு கரண்டிக்கு இறக்கினால் ஆறு கிராம் மிச்சம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி தட்டுக்கு எண்ணெயும் கொழுப்புமாகச் சேர்த்தே 27 கிராம்தான். உங்கள் வீட்டில் எண்ணெயை ஆறிலிருந்து நான்கு லிட்டராகக் குறைக்கலாம். எந்த எண்ணெய் என்ற சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நியாயவிலைக் கடைப் பாமாயிலையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்கள் அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதை மனத்தில் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

ஆனால் அவருடைய அறிக்கையில் என் கண்ணை உறுத்துவது 260 என்ற டிரைகிளிசரைடும் 34 என்ற எச்.டி.எல்.லும்தான். இந்த இணை பெரும்பாலும் நெய்யைக் காட்டுவதில்லை. மாவுச்சத்தையும், இனிப்பையும், சிலரிடம் மதுவையும், கட்டுக்குள் வராத சர்க்கரையையும் காட்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியர் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் தெரிவித்தது. அதில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றுவது நீரிழிவு வாய்ப்பைக் குறைப்பதோடு தொடர்புடையது என்றும் கூறியது. கேழ்வரகுக் களி என்றால் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்ற எண்ணம் நம் மாவட்டங்களில் ஊறிப் போயிருக்கிறது. பெரிய உருண்டைக்கு 150 கிராம் மாவு போகும். அதில் மாவுச்சத்து 100 கிராம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் உண்டென்பது உண்மை, ஆனால் உருண்டையின் அளவு அளவுதான். உருண்டையைச் சிறிதாக்கி, மொச்சைக் குழம்பிலோ கொள்ளுக் குழம்பிலோ பருப்பைக் கெட்டியாக விடுங்கள். மூன்று வேளையும் சோற்றைக் கூட்டிக்கொண்டு நெய்யை மட்டும் நிறுத்துவதைவிட இது பலன் தரும்.

பதிவு 8 | நெறியாளர்

இந்த இடத்தில் ஒருவர் இட்ட சத்துப் பொடி விளம்பரமும் தொலைபேசி எண்ணும் நீக்கப்பட்டன. விற்பனைப் பதிவுகளுக்கு இழையில் இடமில்லை.

பதிவு 9 | கிருஷ்ணகிரி மருந்தாளுநர்

நெறியாளர் நீக்கியதை நானும் பார்த்தேன். அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

மீன் எண்ணெய். கடைகளில் கிடைக்கும் 1,000 மில்லிகிராம் மாத்திரையில் ஒமேகா 3 கொழுப்புகளான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகிய இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான்; மீதி மற்றக் கொழுப்பு. டப்பாவின் முன்பக்கத்துப் பெரிய எண்ணை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். 25,871 பேரைக் கொண்ட வைட்டல் என்ற சோதனையில் நாளொன்றுக்கு ஒரு கிராம் ஒமேகா 3 கொடுத்துச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கையில் பயன் கிடைக்கவில்லை. நீரிழிவு உள்ள 15,480 பேரிடம் நடந்த அசெண்ட் சோதனையிலும் அப்படியே. டிரைகிளிசரைடு கூடியவர்களிடம் தூய்மையாக்கிய ஈ.பி.ஏ.யை நாளுக்கு 4 கிராம் கொடுத்த ஒரு சோதனையில் இதய நிகழ்வுகள் 25 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் ஒப்பீட்டுப் பிரிவுக்குக் கனிம எண்ணெய் கொடுத்ததால் அந்த வேறுபாடு மிகையாகத் தெரிந்திருக்கலாம் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. வேறு கலவையை வைத்து 2020இல் முடிந்த ஸ்ட்ரெங்த் சோதனை பயன் எதையும் காட்டவில்லை. அதிக அளவில் எடுத்தவர்களிடம் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் சிக்கலும் கூடுதலாகத் தென்பட்டது. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய மருந்து. தெருவில் டப்பா கொண்டுவருபவர் முடிவு செய்வதன்று. மீன் சாப்பிடுவது இதைவிடச் சிக்கனம். ஆனால் கிருஷ்ணகிரி அணையின் ஜிலேபி மீனில் ஒமேகா 3 குறைவு. பனிக்கட்டிப் பெட்டியில் வரும் மத்தி மீனில்தான் அது மிகுதி. ஒகேனக்கல்லில் எண்ணெயில் மிதக்க வறுத்த மீனை யாரும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வைட்டமின் டி. உங்கள் மாமியார் எடுப்பது அநேகமாக 60,000 யூனிட் பொட்டலம். குறைபாடு உள்ளவருக்கு அதை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்ற அளவில் எழுதுவது வழக்கம். முதல் சீட்டையே காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போகிறவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். இந்த வைட்டமின் கொழுப்பில் கரைந்து உடலில் தேங்குவது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தாகம், குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கால்சியம் மாத்திரையும் சேர்ந்தால் அபாயம் கூடுதல். ஒன்றரை ஆண்டு என்பதால், இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைபாடு என்று தேர்ந்தெடுக்கப்படாத நடுத்தர வயதினருக்கும் முதியவர்களுக்கும் நாள்தோறும் 2,000 யூனிட் கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை என்று அதே வைட்டல் சோதனை 2022இல் தெரிவித்தது. குறைபாடு உள்ளவரின் நிலை வேறு, அவருக்கு மருந்து தேவை.

சத்து மாத்திரை என்றால் பயன் இல்லாவிட்டாலும் கேடில்லை என்ற நம்பிக்கைக்குப் பதிலாக ஒன்றைச் சொல்கிறேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் எடுத்த பிரிவில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அது 1994இல் வெளியானது. கேரட்டிலும் பப்பாளியிலும் இருக்கும் அதே பொருள்தான்.

அப்படியானால் எல்லாமே வீணா என்றால், இல்லை. உங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லாத ஒன்றைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்: வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களிடம் அது குறையும். பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022இல் இதை அடிக்கடி ஏற்படக்கூடிய பக்கவிளைவு என்று குறிப்பிட்டு, அறிகுறி தென்பட்டால் பரிசோதிக்கச் சொன்னது. பாதத்தில் மரமரப்பும் எரிச்சலும் வந்தால் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடுகிறோம். பி12 குறைவாலும் அப்படியே வரும், அதைச் சரிசெய்ய ஆகும் செலவோ மிகக் குறைவு. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையைப் பெண் பிள்ளைகள் வீசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுப்பது, முன்பு தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் அடுத்த குழந்தைக்கு அது வருவதை 72 சதவீதம் தடுத்தது என்று 1991இல் பிரித்தானிய சோதனை காட்டியது. நல்ல ஆதாரம் உள்ள இந்த மாத்திரைகளை அரசு இலவசமாகத் தருகிறது, பெரும்பாலும் அவை அலமாரியில் கிடக்கின்றன.

புரதப் பொடி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே வெளிப்படையாக எழுதிவிட்டது. நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பதிவு 10 | பென்னாகரம் செவிலியர்

மாமியாரின் முழங்கால் வலி பற்றி ஒரு கேள்வி. அவர் நெடுங்காலம் குடித்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் பல்லாண்டு குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறையும், பிறகு முதுகும் மூட்டும் இறுகிப்போவதும் நேரும். அந்த வயதில் முழங்கால் வலிக்குத் தேய்மானமே பெரும்பாலும் காரணம். ஆனாலும் கழுத்தையும் முதுகையும் குனிந்து நிமிர முடியாத இறுக்கம் சேர்ந்திருந்தால் புளோரைடையும் நினைக்க வேண்டும். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கொதிக்க வைப்பதால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்வு கூடத்தான் செய்யும்.

இங்கே பாலுக்கும் கேழ்வரகுக்கும் இன்னொரு வேலை உண்டு. உணவிலுள்ள கால்சியம் குடலில் புளோரைடைப் பிணைத்து, உடல் ஏற்பதைக் குறைக்கிறது. 300 மில்லி பாலில் ஏறத்தாழ 360 மில்லிகிராம், 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம். கீரையும் எள்ளும் சேர்ந்தால் ஒரு நாளைக்குத் தேவையான 1,000 மில்லிகிராமை நெருங்கலாம். கேழ்வரகை முளைகட்டியோ கூழாகப் புளிக்க வைத்தோ உண்டால் அதில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட் குறைந்து கால்சியம் கூடுதலாக உடலில் சேரும். வெறும் தேநீரோடு காலையை ஓட்டும் முதியவர்களுக்கு அந்தத் தேயிலையிலும் புளோரைடு இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பதிவு 11 | தேன்கனிக்கோட்டை இளைஞன்

சுவீடன் ஆய்வைத் தேடிப் படித்தேன். 57 பேரை வைத்து, அதுவும் நாளுக்கு 40 கிராம் கொடுத்துப் பார்த்ததைக் கொண்டு, ஒரு கரண்டி நெய்யைப் பற்றி முடிவு சொல்ல முடியாது என்பது என் நிலைப்பாடு. ஆனால் மாவுச்சத்து விஷயத்தில் நாம் ஒரே பக்கம்தான் நிற்கிறோம் என்று தெரிகிறது.

பதிவு 12 | ஊத்தங்கரை ஆசிரியை

ஒரு கரண்டியைப் பற்றி நானும் முடிவு சொல்லவில்லை, தம்பி. மூன்று கரண்டியும் 148 எல்.டி.எல்.லும் சேர்ந்த இடத்தில்தான் என் கருத்து. எல்.டி.எல். ஒரு லிட்டருக்கு 1 மில்லிமோல், அதாவது நம் அளவில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறைந்தால், பெரிய இதய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைச் சோதனைகளின் தொகுப்பு காட்டுவது. உணவால் மட்டும் அத்தனை இறக்குவது கடினம். எனவே மருத்துவர் எழுதிய மாத்திரையை இந்த இழையைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம்.

பதிவு 13 | பாலக்கோடு வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. மாமியாரை நாளை மறுநாள் அழைத்துச் செல்கிறோம். அவர் 2015 வரை ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்தவர், கழுத்தைத் திருப்பவும் சிரமப்படுகிறார், இதையும் மருத்துவரிடம் சொல்வேன். கணவருக்கு பி12 பரிசோதனை எழுதித் தரக் கேட்கிறேன். இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. குழந்தைகளுக்கும் ஆடை நீக்கிய பால் கொடுக்க வேண்டுமா? சின்னவளுக்கு ஒன்றரை வயது. வடை சுட்டு மிஞ்சும் எண்ணெயை என்ன செய்வது? இத்தனை நாளும் அதிலேயே புது எண்ணெயை ஊற்றி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன்.

பதிவு 14 | காரிமங்கலம் செக்குக்காரர்

எண்ணெய்க் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் சிதைந்த பொருட்கள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைக் கடைக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. பழைய எண்ணெயில் புதியதை ஊற்றினால் புதியதும் விரைவில் கெடும். வாணலியில் குறைவாக ஊற்றிச் சுடுங்கள். மிஞ்சியதை ஆறவைத்து, அடியில் கருகிய துகள் போகத் துணியில் வடிகட்டி, மூடி வைத்து, இரண்டொரு நாளில் தாளிப்புக்கே தீர்த்துவிடுங்கள். நுரை அடங்காமல் பொங்கினாலோ, கையில் பிசுபிசுத்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

பதிவு 15 | பென்னாகரம் செவிலியர்

சின்னவளுக்கு ஆடை நீக்க வேண்டாம். இரண்டு வயது வரை மூளை வளர்ச்சிக்கும் எடைக்கும் அந்தக் கொழுப்பு தேவை. தாய்ப்பால் கொடுப்பதைத் தொடர்ந்துகொண்டே, பசும்பாலைக் காய்ச்சிய பின் தண்ணீர் கலக்காமல் கொடுங்கள். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சோறு இறங்காது, இரும்புச் சத்தும் குறையும். பெரியவனுக்கு எடை சரியாக இருந்தால் வீட்டுப் பாலை அப்படியே கொடுக்கலாம். ஆடையைக் கணவர் டம்ளரிலிருந்து மட்டும் எடுங்கள்.